ஸ்கேனில் கேன்சர், பயாப்சியில் சாதாரணக் கட்டி: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 38. இடது மார்பில், மேல்பக்கம், நெஞ்செலும்பை ஒட்டிய பகுதியில் கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. கையைத் தூக்கினால் அந்த இடத்துத் தோல் லேசாக உள்ளே இழுக்கிறது. மேமோகிராம், ஸ்கேன் இரண்டும் எடுத்தோம். 1.8 செ.மீ. கட்டி, ‘பை-ராட்ஸ் 5’ என்று எழுதியிருந்தார்கள். கேன்சராகத்தான் இருக்கும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஆனால் கோர் பயாப்சியில் ‘கிரானுலார் செல் டியூமர், கேன்சர் இல்லை’ என்று வந்திருக்கிறது. ஊசி கட்டியில் படாமல் பக்கத்துச் சதையை எடுத்திருப்பார்கள் என்கிறார் நாத்தனார். ஊசி குத்தியதே தப்பு, கிளறிவிட்டால் பரவும் என்கிறார் மாமியார். இன்னொரு டாக்டர், எதற்கு ரிஸ்க், மார்பை எடுத்துவிடலாம் என்கிறார். யாரை நம்புவது? கட்டியை எடுக்கத்தான் வேண்டுமா? எனக்கு 13 வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்கும் இது வருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பயாப்சி ரிப்போர்ட்டை நம்பலாம். நம்புவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு, அவற்றைக் கீழே சொல்கிறேன். கட்டியை எடுத்துவிடுவது நல்லது. மார்பை எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பை-ராட்ஸ் என்பது படத்தைப் பார்த்துச் சந்தேகத்துக்குப் போடும் மார்க். நோயின் பெயர் அதில் கிடையாது. 5 என்றால், இப்படித் தெரியும் கட்டிகளில் நூற்றுக்கு 95 அல்லது அதற்கு மேல் கேன்சராக இருக்கும் என்று அர்த்தம். மீதிச் சிலவற்றில் ஒன்று உங்களுடையது. ரேடியாலஜிஸ்ட் தவறு செய்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துக்கொண்டு அவர் 3 என்று போட்டு, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பியிருந்தால்தான் தவறு. பயாப்சி முடிவு வரும் முன்பே ‘மனதைத் தயார்படுத்துங்கள்’ என்று சொன்னதை மட்டும் தவிர்த்திருக்கலாம்.

படத்தில் இந்தக் கட்டி ஏன் கேன்சர் மாதிரியே தெரிகிறது? மார்பில் சாதாரணமாக வரும் ஃபைப்ரோஅடினோமா உருண்டையாக, விளிம்பு தெளிவாக, விரலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். கிரானுலார் செல் டியூமர் அப்படியில்லை. அதைச் சுற்றி உறை கிடையாது. செல்கள் கொத்துக் கொத்தாகக் கொழுப்புக்கும் நார்த்திசுவுக்கும் இடையே புகுந்து போகும். கூடவே நார்த்திசுவும் இறுகும். அதனால் மேமோகிராமில் நெருஞ்சி முள் போல நாலாபக்கமும் கோடுகள் நீட்டிக்கொண்டு தெரியும். ஸ்கேனில் கறுப்பாக, பின்னால் நிழல் விழுந்து, அகலத்தைவிட உயரம் கூடியதாகக்கூடத் தெரியலாம். தோலை இழுக்கும், சில சமயம் அடியில் இருக்கும் மார்புத் தசையோடு ஒட்டிக்கொள்ளும். பரவும் கேன்சருக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் அடையாளங்களும் இவையேதான். எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் தீர்ப்பு கிடைக்காது. இது ஒரு நேரம் சாதாரணக் கட்டி போலவும் இன்னொரு நேரம் கேன்சர் போலவும் மருந்தை உறிஞ்சிக் காட்டும். பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பணம் போகும், குழப்பம் கூடும்.

படத்தில் ஒரே ஒரு சிறு துப்பு உண்டு. மார்பக கேன்சரில் அடிக்கடி பார்க்கிற பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகள் இந்தக் கட்டியில் வழக்கமாக இருக்காது. ஆனால் புள்ளி இல்லாத கேன்சரும் ஏராளம் என்பதால், இதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல முடியாது.

கட்டி இருக்கும் இடமும் பொருந்தித்தான் வருகிறது. இது பால் சுரப்பியிலிருந்து வருவதல்ல. நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து வருவது. அப்ரிகோசாஃப் என்ற ரஷ்ய நோய்க்குறியியல் நிபுணர் 1926-ல் இதை முதலில் நாக்கில் கண்டு விவரித்தபோது, தசையிலிருந்து வருவதாக நினைத்தார். பழைய ரிப்போர்ட்களில் ‘மயோபிளாஸ்டோமா’ என்று பெயர் இருப்பது அதனால்தான். இன்றும் இது அதிகம் வருவது நாக்கிலும் தோலிலும்தான். மார்பில் வருவது நூற்றுக்கு 5 முதல் 8 வரை. அப்படி வரும்போது, கழுத்திலிருந்து காறை எலும்பைத் தாண்டி இறங்கும் நரம்புக் கிளைகள் பரவியிருக்கும் மேல்-உள் பகுதியில் அதிகம் வருகிறது. உங்கள் கட்டி இருப்பதும் அங்கேதான். மார்பக கேன்சர் அதிகம் வருவது அக்குள் பக்கம் உள்ள மேல்-வெளிப் பகுதியில். மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்களுக்கு இது கூடுதலாக வருவதும் உங்களுக்குப் பொருந்துகிறது. ஆண்களுக்கும் வரும்.

இப்போது நாத்தனாரின் சந்தேகத்துக்கு வருவோம். அவர் கேட்டது சரியான கேள்வி. பை-ராட்ஸ் 5 போட்ட கட்டியில், பயாப்சி ‘கேன்சர் இல்லை’ என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அந்த பயாப்சி முடிவு படத்தில் தெரிந்ததை விளக்குகிறதா என்று கேட்க வேண்டும். உதாரணமாக உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஃபைப்ரோசிஸ்டிக் மாற்றம்’ என்றோ ‘சாதாரண மார்பகத் திசு, கொழுப்பு’ என்றோ வந்திருந்தால் அதை நான் நம்பியிருக்க மாட்டேன். முள் நீட்டிய கல் மாதிரிக் கட்டிக்கு அது விளக்கமே ஆகாது. ஊசி தவறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, மறுபடி பயாப்சி செய்யச் சொல்லியிருப்பேன். ‘கிரானுலார் செல் டியூமர்’ அப்படிப்பட்ட பதில் இல்லை. பக்கத்துச் சதையில் ஊசி குத்தினால் இந்தப் பெயர் வராது, ஏனென்றால் சாதாரண மார்பில் இந்தச் செல்கள் கட்டியாகச் சேர்ந்து இருப்பதில்லை. முள் முள்ளாக இருப்பதும், தோல் இழுப்பதும், கல் போலக் கெட்டியாக இருப்பதும் எல்லாம் இந்த ஒரு பெயரில் அடங்கிவிடுகின்றன. படமும் சதைப் பரிசோதனையும் ஒத்துப்போகின்றன என்று ரேடியாலஜிஸ்ட்டும் பாத்தாலஜிஸ்ட்டும் பேசி எழுத்தில் தர வேண்டும். நல்ல மார்பக சிகிச்சைப் பிரிவுகளில் இதைக் கேட்காமலே எழுதித் தருவார்கள். உங்களுக்குத் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

நீங்களே சரிபார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. பயாப்சி ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்யப்பட்டதா, கையால் தொட்டுப் பார்த்துச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். ஸ்கேன் பார்த்துச் செய்திருந்தால், ஊசி கட்டியின் நடுவில் நிற்கும் படத்தைச் சேமித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்தாலே நாத்தனாருக்குப் பதில் கிடைத்துவிடும். எந்த ஊசி என்பதும் முக்கியம். கோர் பயாப்சிக்கு வழக்கமாக 14 கேஜ் ஊசி. நூல்கண்டிலிருந்து வெட்டிய நூல் மாதிரி நீளவாக்கில் சதை கிடைக்கும். நான்கு துண்டாவது எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. செய்திருந்தால், இந்தக் கட்டியில் அதை நம்பி முடிவெடுக்க முடியாது. இதன் செல்கள் எளிதில் உடையும். ஸ்லைடில் வெறும் கருக்களும் சிதறிய துகள்களும்தான் மிஞ்சும். அதை ‘அபோக்ரைன் செல்’ (மார்பில் காணப்படும் ஒரு வகைச் சாதாரணச் செல்) என்று படித்தவர்களும் உண்டு, கேன்சர் என்று படித்தவர்களும் உண்டு.

அடுத்து ரிப்போர்ட்டில் ஐ.எச்.சி. என்ற சாயப் பரிசோதனை பகுதியைப் பாருங்கள். எஸ்-100 பாசிட்டிவ், சாக்ஸ்-10 பாசிட்டிவ், சி.டி.-68 பாசிட்டிவ், சைட்டோகெரட்டின் நெகட்டிவ் என்று இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன சைட்டோகெரட்டின்தான் இதில் கனமான வரி. ஏனென்றால் எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டும் சில மார்பக கேன்சர்களிலும் பாசிட்டிவ் ஆகும். ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இல்லாத ‘டிரிபிள் நெகட்டிவ்’ கேன்சர் வகையில் சாக்ஸ்-10 அடிக்கடி பாசிட்டிவ். இந்தக் கட்டியிலும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்றுதான் வரும். கட்டியின் பெயரைப் பார்க்காமல் இந்த மூன்று வரியை மட்டும் படித்துவிட்டு, டிரிபிள் நெகட்டிவ் கேன்சர் என்று யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். சைட்டோகெரட்டின் பால் சுரப்பிச் செல்களின் அடையாளம். அது சுத்தமாக நெகட்டிவ் என்றால், அது சுரப்பியிலிருந்து வந்த வழக்கமான மார்பக கேன்சர் இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம். உங்கள் ரிப்போர்ட்டில் சைட்டோகெரட்டின் போடவே இல்லையென்றால், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் அதே மெழுகு பிளாக்கிலிருந்து போட்டுத் தரச் சொல்லுங்கள். மறுபடி ஊசி குத்த வேண்டியதில்லை.

இன்னும் மனம் சமாதானம் ஆகவில்லையா, இரண்டாவது கருத்து கேளுங்கள். அதற்கு ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவதில் பயனில்லை. பரிசோதித்த லேபில் எழுதிக் கொடுத்து, ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொண்டு, மார்பக நோய்க்குறியியல் அதிகம் பார்க்கும் ஒரு கேன்சர் மையத்தில் கொடுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும். வேலை முடிந்ததும் பிளாக்கைத் திருப்பி வாங்க மறக்காதீர்கள். பின்னால் எப்போதாவது தேவைப்படும்.

மாமியாருக்குச் சொல்லுங்கள்: ஊசியால் பரவுகிறது என்ற பயத்தில் பயாப்சி செய்யாமல் விட்டிருந்தால், இந்நேரம் கேன்சர் என்றே முடிவு கட்டி மார்பை எடுத்திருப்பார்கள். ஊசி போன பாதையில் செல்கள் சிந்துவது கேன்சரிலேயே சிகிச்சையின் முடிவை மாற்றும் அளவுக்கு ஆவதில்லை. உங்களுக்கு இருப்பது கேன்சரும் அல்ல.

அப்படியானால் கேன்சர் இல்லாத கட்டியை ஏன் எடுக்க வேண்டும்? மூன்று காரணம் சொல்வேன். ஒன்று, இது தானாகக் கரையாது. மெதுவாகத்தான் வளரும் என்றாலும் தோலையும் தசையையும் பிடித்துக்கொள்ளும், அப்புறம் எடுப்பது கஷ்டம். இரண்டு, இதில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாகவே என்றாலும், கேன்சராக நடந்துகொள்பவை உண்டு. கட்டி முழுவதும் கையில் கிடைத்தால்தான் பாத்தாலஜிஸ்ட் அதைத் தீர்மானமாகச் சொல்ல முடியும். செல்கள் செத்த பகுதி, நூற்கதிர் போல நீண்ட செல்கள், பெரிய நியூக்ளியோலஸ் (கருவுக்குள் தெரியும் பொட்டு) உள்ள கரு, கூடுதலான செல் பிரிவு, செல்லைவிடக் கரு பெருத்திருத்தல், செல்களுக்குள் உருவ வேறுபாடு என ஆறு அடையாளம் பார்ப்பார்கள். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கெட்ட வகை, ஒன்று இரண்டு இருந்தால் சந்தேக வகை. நாலு நூல் துண்டில் இதை முழுமையாகப் பார்க்க முடியாது. மூன்றாவது காரணம் நடைமுறை சார்ந்தது: எடுக்காமல் விட்டால், ஒவ்வொரு முறை மேமோகிராம் எடுக்கும்போதும் யாராவது ஒருவர் 5 போடுவார், நீங்கள் மறுபடி இதே கடிதத்தை எழுத வேண்டியிருக்கும். மிகச் சிறிய, பயாப்சியில் சந்தேகமே இல்லாத கட்டியைச் சிலர் எடுக்காமல் கண்காணிக்கிறார்கள். தோலை இழுக்கத் தொடங்கிய 1.8 செ.மீ. கட்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்காக நாளைக்கே ஓடவும் வேண்டாம். சில வாரங்கள் எடுத்துக்கொண்டு, ஸ்லைடைச் சரிபார்த்துவிட்டு நிதானமாகச் செய்யலாம்.

ஆபரேஷனில் கட்டியைச் சுற்றி நல்ல சதை ஒரு விளிம்பாக வருமாறு எடுக்க வேண்டும். ஃபைப்ரோஅடினோமாவை எடுப்பது போலக் கட்டியை மட்டும் பிதுக்கி எடுத்தால் இது திரும்ப வரக்கூடும். உறை இல்லாததால் விரலுக்குத் தட்டுப்படும் எல்லையைத் தாண்டியும் செல்கள் போயிருக்கும். அடியில் தசையோடு ஒட்டியிருந்தால், அந்த இடத்துத் தசையில் மெல்லிய ஒரு பகுதியையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்த சதையில் மேல், பக்கம் தெரிவதற்கு நூல் முடிச்சுப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். எந்தப் பக்கத்து விளிம்பில் செல் மிச்சம் என்று தெரிந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். முடிச்சு இல்லாமல் அனுப்பினால் முழுக் குழியையும் திரும்ப வெட்ட வேண்டிவரும்.

அக்குள் நெறிக்கட்டிகளை எடுக்க வேண்டியதில்லை. ஆபரேஷனுக்கு முன் அக்குளையும் ஒரு தடவை ஸ்கேனில் பார்த்திருக்க வேண்டும்; அங்கே சந்தேகமாக ஏதாவது இருந்தால் மட்டும் அதில் ஊசிப் பரிசோதனை. ரேடியேஷன், கீமோ, டமாக்சிஃபென் எதுவும் கிடையாது. மார்பை எடுக்கச் சொன்ன டாக்டரிடம், பயாப்சியில் வந்த பெயரை வைத்து அந்த ஆபரேஷன் ஏன் தேவை என்று கேளுங்கள். பை-ராட்ஸ் 5 என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை என்றால் வேறு சர்ஜனிடம் போங்கள்.

இன்னொன்றும் ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போதே சதையை உறைய வைத்துப் பார்க்கும் ‘ஃப்ரோசன்’ பரிசோதனையை நம்பி பெரிய ஆபரேஷனுக்குப் போகக் கூடாது. உறைந்த துண்டில் இந்தச் செல்கள் கேன்சர் செல் போலவே தோன்றி, அவசரத்தில் மார்பை எடுத்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. கையெழுத்துப் போடும் சம்மதப் படிவத்தில் ‘தேவைப்பட்டால் மார்பு அகற்றுதல்’ என்று ஒரு வரி அச்சில் இருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்கள். கட்டியை மட்டும் எடுங்கள், ரிப்போர்ட் வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தக் கட்டி சிலருக்கு ஒரே சமயத்தில் பல இடங்களில் வரும். கண்ணாடியில் நாக்கைப் பாருங்கள். தோலில், முக்கியமாகக் கை, மார்பு, முதுகுப் பக்கம், வலியில்லாத கெட்டி முடிச்சு ஏதாவது இருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் சர்ஜனிடம் காட்டுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. படத்தில் கேன்சர் போலத் தெரியும் சாதாரணக் கோளாறுகள் வேறும் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. அடிபட்ட இடத்திலோ ஆபரேஷன் ஆன இடத்திலோ கொழுப்பு செத்துக் கெட்டியாவதை விட்டுவிடலாம். பல வருடம் இன்சுலின் போடுபவர்களுக்கு வரும் கல் போன்ற மார்பு இறுக்கத்தையும் கோர் பயாப்சியில் உறுதியானால் வெட்ட வேண்டியதில்லை. வெட்டினாலும் திரும்ப வரலாம். குழந்தை பெற்ற சில வருடங்களில் சிவந்து, வீங்கி, சீழ் கசியும் கிரானுலோமா அழற்சியில், காசநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் ஸ்டீராய்டு ஆரம்பிக்கக் கூடாது. நம் ஊரில் இந்தத் தவறுக்கு விலை அதிகம்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை. அவளுக்கென்று தனியாக எந்தச் சோதனையும் வேண்டாம். 13 வயதில் மார்பு வளரும்போது முலைக்காம்புக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது இயல்பு. பயத்தில் அதை ஊசிப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்விடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து வரும் ரிப்போர்ட்டில் கட்டியின் அளவு, விளிம்பு, அந்த ஆறு அடையாளம் என மூன்றையும் பார்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘விளிம்பில் செல் இல்லை’ என்றால் சிகிச்சை அதோடு முடிந்தது. பிறகு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒரு மேமோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தையல் போட்ட தழும்பும் படத்தில் முள் நீட்டித் தெரியும். அடுத்தடுத்த வருடங்களில் ஒப்பிட அந்தப் படம் இல்லாவிட்டால் தழும்புக்கே 5 போட்டுவிடுவார்கள். எங்கே படம் எடுக்கப் போனாலும் பழைய படங்கள் பதிந்த சி.டி. தட்டையும் பாத்தாலஜி ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். படம் எடுப்பவரிடம் தழும்பு இருக்கும் இடத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.